ஐந்து சட்டிக்கும் ஒன்பது மார்க்

அறுபது கட்டம். அறுபதிலும் ஒன்பது.

எப்சிபா தாள்களை மறுபடி ஒருமுறை புரட்டினாள். எங்காவது ஒரு மூலையில் ஒரு எட்டாவது ஒளிந்திருக்காதா என்று தேடினாள். கிடையாது. பன்னிரண்டு பேர், ஐந்து சட்டி, ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாச் சட்டிக்கும் ஒன்பதுக்கு ஒன்பது மார்க். கீழே ‘கவிச்சி அடிக்கிறதா?’ என்று கேட்டிருந்த இடத்தில் பன்னிரண்டு பேரும் ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தார்கள். ஒருவருடைய பேனா பாதியில் எழுதாமல் போய், மீதியைப் பென்சிலால் போட்டிருந்தார். பென்சிலிலும் ஒன்பதுதான்.

இதற்கா மூன்று வருஷம் நாயாய் அலைந்தோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

விஷயம் இதுதான். எப்சிபா கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. நம் பக்கத்து மாட்டினங்களின் கறி இனத்துக்கு இனம் எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி, சிவகிரி மலையடிவாரத்து மலைமாடு. இவற்றோடு ஒத்துப் பார்க்க ஒரு ஜெர்சி கலப்பு. நிறம், ஈரம், கொழுப்பு, கத்தி இறங்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கருவியால் அளக்க முடிந்ததை எல்லாம் அளந்து முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது மணம். அதை அளக்கவும் கருவி இருக்கிறது. அந்தக் கருவியின் விலைக்கு அவள் துறைக்கு இன்னொரு மாடியே கட்டிவிடலாம். அதனால் மனுஷ மூக்கையும் நாக்கையும் நம்ப வேண்டியதாயிற்று.

மணத்தில் வித்தியாசம் உண்டு என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். சோதனைக்காகத் துண்டுகளை அவிக்கும்போது, முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றாலும், எந்தக் குவளையில் எது வேகிறது என்று அவள் மூக்கு சொல்லிவிடும். மலைமாட்டுக் கறியிலிருந்து காய்ந்த தழையைக் கசக்கின மாதிரி ஒரு வாசம் எழும்பும். ஜெர்சி கலப்பில் அது எதுவுமே இருக்காது. இதைச் சொன்னால் அவளுடைய பேராசிரியர் சிரிப்பார். அதெல்லாம் கறிக்கடைக்காரன் பேச்சும்மா, நம்பரைக் காட்டு என்பார். நம்பர் காட்டலாமென்றால் துறையில் ருசி பார்க்க வைத்திருந்த ஏழு பேரில் ஐந்து பேர் மாட்டுக்கறி தொடமாட்டார்கள். ஆறாவது ஆள் கோயிலுக்கு மாலை போட்டிருந்தார். கடைசியில் பேராசிரியரே மனசிரங்கி ஒரு வழி சொன்னார். வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் பன்னிரண்டு பேரைப் பிடி, அவர்கள் இடத்திலேயே வைத்து மார்க் வாங்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் மணம் பற்றிய அத்தியாயத்தைத் தூக்கிவிடு. அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான்.

வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் என்றதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது சங்கரன்கோவில்தான். அவள் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே கறிக்கடை வைத்திருக்கிற அப்துல் ஜப்பார், அவளோடு பத்தாம் வகுப்பு வரை படித்த சாஜிதா பானுவின் வாப்பா. சாஜிதா இப்போது புருஷனோடு ஷார்ஜாவில் இருக்கிறாள். ஜப்பார் மாமாதான் எட்டு மாதமாக அலைந்து ஐந்து காளைகளையும் பிடித்துக் கொடுத்தார். எல்லாம் வேலைக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கிழட்டுக் காளைகள். ஒவ்வொன்றிலும் பின்னந்தொடையில் ஒரே இடத்துச் சதையை அறுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் சுமந்துகொண்டு போய்க் கல்லூரி ஃப்ரீசரில் அடுக்கினாள் எப்சிபா. அதில் மலைமாடு கிடைத்ததுதான் பெரும்பாடு. காட்டுக்குள் மேய்க்க விடுவதில்லை என்று மந்தைகளே சுருங்கிப்போய்விட்டன. அந்த மாட்டுக்காரர் ஜப்பார் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி நடந்துவிட்டாராம். இன்றைக்கு அவித்ததோடு அந்தக் கறி தீர்ந்தது. இன்னொன்று எந்தக் காலத்தில் கிடைக்குமோ.

இவ்வளவும் செய்து, கடைசியில் அறுபது ஒன்பது.

காலையிலிருந்தே எதுவும் உருப்படியாக நடக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆறு மணிக்கே வந்து ஜப்பார் வீட்டு அடுப்படியில் ஐந்து சட்டியை வைத்து, தராசில் உப்பை நிறுத்துப் போட்டு, தெர்மாமீட்டரைச் செருகி வைத்திருந்தாள். முகக்கவசம், கையுறை, தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி. சாஜிதாவின் உம்மா மகபூப் பீவிக்கு இதைப் பார்க்கவே சகிக்கவில்லை. வெறும் உப்புத் தண்ணியில் அவித்துப் பெரிய மனுஷர்களுக்கு வைப்பதா, பூனைக்குப் போடுவதென்றால்கூட ஒரு சிட்டிகை மஞ்சள் போடுவோமே என்று மருகினாள். எப்சிபா இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் இஞ்சி பூண்டு விழுது வந்து நின்றது. இரண்டு தடவை கையைப் பிடித்துத் தடுத்தாள். மூன்றாம் தடவை கிண்ணத்தையே பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சட்டிகளுக்கு ஒன்று, இரண்டு என்று பேர் வைத்தால் ஒன்றாம் நம்பர்தான் நல்லதென்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் மூன்று இலக்க எண்களைக் கம்ப்யூட்டர் இஷ்டத்துக்குப் பொறுக்கித் தரும். அது பொறுக்கின ஐந்தில் ஒன்று 786. நல்ல வேளை, நேற்றே கண்ணில் பட்டு மாற்றினாள். இல்லாவிட்டால் அந்தச் சட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள்.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக்கூடாது என்று நடுவீட்டில் டிவி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து மறைப்பு வைத்தாள். கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஜப்பாரின் அக்கா கதீஜம்மாள் உட்கார்ந்த கையோடு அதை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துப் பெண்ணிடம் ஒனக்கு எந்த நம்பர் வந்திருக்கு என்று விசாரித்தாள். ஜப்பாருக்கு எது என்ன கறி என்று தெரியும், அதனால் அவர் ருசி பார்க்கக்கூடாது. ஆனால் வாசலில் உட்கார்ந்துகொண்டு மலைமாட்டுக் கிண்ணம் உள்ளே போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். அவரைக் கும்பிட்டுக் கேட்டு டீக்கடைக்கு அனுப்பி வைத்தாள்.

சரி, போகட்டும், மார்க் வந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மார்க்கும் வந்தது.

எப்சிபா தாள்களோடு கதீஜம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முடிந்த மட்டும் பொறுமையாகக் கேட்டாள். ஐந்தும் ஒரே மாதிரியா இருந்தது பெரியம்மா, ஒன்றுகூடக் கொஞ்சம் குறைச்சலாகத் தெரியவில்லையா என்று.

“எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மக்கா. திங்கிற பண்டத்தக் கொற சொல்லலாமா?” என்றாள் கதீஜம்மாள்.

குறை சொல்லவேண்டாம், வித்தியாசம் சொல்லுங்கள் என்று மறுபடி விளக்கினாள். எல்லாரும் ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். அப்புறம் சவூதியிலிருந்து யாரோ கொண்டுவந்த கம்பளியைப் பற்றிப் பேச்சு போய்விட்டது. அவளுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

கிண்ணங்கள்! அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு கிண்ணத்திலும் இரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருக்கிறது. வாய் ஒன்பது சொல்லும், ஆனால் பிடிக்காததை யாரும் முழுசாகத் தின்றிருக்க மாட்டார்கள். எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்று நிறுத்துப் பார்த்தால் போதும், தாளே வேண்டாம். எழுந்து பின்கட்டுக்கு ஓடினாள்.

மகபூப் பீவி குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடைசிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பது கிண்ணங்கள் பளபளவென்று கவிழ்ந்திருந்தன. எண் எழுதின காகிதங்கள் வாளித் தண்ணீரில் ஊறி மிதந்தன. சுவரோரமாகக் கறித் துண்டுகள் ஒரு குவியலாய்க் கிடக்க, நாலு பூனைகள் அவசரமில்லாமல் தின்றன. அதுகளுக்கே திகட்டிப்போகிற அளவுக்குக் கிடந்தது.

“நாந்தான் கிண்ணத்த யாரும் தொடாண்டாம்னு சொன்னம்லா மாமி? ஏன் கழுவுனீய?”

“யாரு மிச்சம் வச்சாகன்னு தெரிஞ்சா ஒனக்குச் சங்கடம், அவுகளுக்கும் சங்கடம். அதான் முதல் வேலையா கழுவிட்டேன்” என்றாள் மகபூப் பீவி. உபகாரம் செய்த முகத்தோடு சொன்னாள்.

எப்சிபாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து விழுங்கினது எல்லாம் வெளியே வந்தது. நடுவீட்டில் இருக்கிறவர்களுக்குக் கேட்குமே என்றுகூட யோசிக்கவில்லை. பூனைக்கு இத்தனை போட்டிருக்கிறீர்கள், தாளில் ஒன்பது போட்டிருக்கிறீர்கள், பன்னிரண்டு பேரும் சேர்ந்து பொய் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், என் மூன்று வருஷத்தை மூன்று நிமிஷத்தில் கழுவி ஊற்றிவிட்டீர்கள் என்று கத்தினாள். குரல் உடைந்துவிட்டது. நடுவீட்டில் பேச்சு நின்றது. தெருவில் ஓடிய தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மகபூப் பீவி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குக் கோபமில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும்.

“ஒண்ணு கேக்கட்டா மக்கா? இந்த அஞ்சுல ஒண்ணையாவது நீ வாயில வச்சுப் பாத்தியா?”

எப்சிபா இல்லை என்று தலையாட்டினாள். இன்றைக்கு மட்டுமா, மூன்று வருஷத்தில் ஒரு துண்டுகூட அவள் வாயில் வைத்ததில்லை. அவர்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன் உண்டு. மாட்டுக்கறி வாசல்படி ஏறினதில்லை. மேல்படிப்புக்கு இந்தத் துறையில்தான் இடம் கிடைத்தது என்பதால் சேர்ந்தவள். அறுத்திருக்கிறாள், நிறுத்திருக்கிறாள், அரைத்துச் சோதித்திருக்கிறாள். சாப்பிட வேண்டும் என்று தோன்றினதே இல்லை.

“நீ திங்க மாட்டன்னு எங்களுக்குத் தெரியும். அது ஒன் இஷ்டம், குத்தமில்ல. ஆனா விடிஞ்சதுலேருந்து மூக்க மூடிக்கிட்டு நிக்கிய. மூக்க மூடிக்கிட்டு வந்து, கவிச்சி அடிக்கா, நாத்தம் அடிக்கான்னு தாளக் குடுக்கிய. ஆமா அடிக்குன்னு இங்கன எவ எழுதுவா? ஊர்ல உள்ளவன் எல்லாம் சொல்லுதது பத்தாதுன்னு நாங்களும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாக்கும்?”

எப்சிபாவின் கை தன்னால் முகத்துக்குப் போனது. முகக்கவசம் அங்கேயேதான் இருந்தது. எச்சில் தெறித்துவிடக்கூடாது என்பதற்காகப் போட்டது, விதிமுறை அது, உங்களுக்காகத்தான் போட்டேன் என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே அது அவள் காதுக்கே நன்றாக இல்லை. நிறுத்திக்கொண்டாள்.

மகபூப் பீவி கழுவின கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பேசினாள். சாஜிதா ஏழாம் வகுப்பு படிக்கும்போது பக்ரீத்துக்கு மறுநாள் டிபன் டப்பாவில் கறி வைத்து அனுப்பினாளாம். பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்குமே என்று நாலு துண்டு கூடவே வைத்தாளாம். சாயங்காலம் டப்பா அப்படியே முழுசாகத் திரும்பி வந்தது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, கறி ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, சாப்பிட நேரமில்ல என்றாளாம் சாஜிதா. அதற்கப்புறம் பத்தாம் வகுப்பு முடிகிற வரை தயிர்ச்சோறுதான் கேட்டாளாம்.

“கேட்டா நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லும். டப்பாவப் பாத்தாத்தான் தெரியும்” என்றாள். “ரொம்ப நாள் கழிச்சுச் சொன்னா. கூட உக்காந்து திங்கிற பிள்ள ஒண்ணு, என்னமோ வாடை வருதுன்னு மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாம்.”

எப்சிபாவுக்கு அந்த வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. நாலு பேர் வட்டமாக உட்காரும் இடம். எழுந்து போனது ஞாபகம் வந்தது. கர்ச்சீப்பில் இருந்த ரோஜாப்பூ எம்பிராய்டரிகூட ஞாபகம் வந்தது. சாஜிதாவின் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“அது நாந்தான் மாமி.”

“தெரியும்ட்டி” என்றாள் மகபூப் பீவி. “தெரிஞ்சுதான வீட்டுக்குள்ள விட்டு அஞ்சு சட்டியும் குடுத்திருக்கேன்.”

அந்த நேரத்தில் போன் அடித்தது. பேராசிரியர். மார்க் என்ன ஆயிற்று என்று கேட்டார். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஒன்பது போட்டிருக்கிறார்கள் சார் என்றாள். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிறகென்ன, இனத்துக்கு இனம் மணத்தில் வித்தியாசம் இல்லை, அதுவும் ஒரு முடிவுதானே, அனுப்பிவிடும்மா, அத்தியாயம் நிற்கும் என்றார். நான் அப்பவே சொன்னேன்லா என்று சிரிக்கவும் செய்தார். ஒரு மணி நேரத்தில் அனுப்புகிறேன் சார் என்று சொல்லி வைத்தாள்.

வாசலோரமாகவே நின்றாள். பன்னிரண்டு தாள், எல்லாவற்றிலும் பேர், வயசு, கையெழுத்து, தேதி. விதிமுறைப்படி ஒரு குறை சொல்ல முடியாது. இதை அனுப்பினால் மூன்று வருஷம் முழுசாகக் கரையேறும். வித்தியாசமே இல்லை என்று அச்சில் வரும், கீழே அவள் பேர் இருக்கும். பின்னால் யாராவது இதைப் பற்றித் தேடினால், பன்னிரண்டு பேர் சாப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லாம் ஒன்றுதான் என்று அவளைத்தான் காட்டுவார்கள். சுவரோரத்தில் ஒரு பூனை வயிறு முட்டிப் படுத்துக்கிடந்தது. அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பேராசிரியர் மேலா, இந்தப் பன்னிரண்டு பேர் மேலா, மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோன அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை மேலா?

முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். நடுவீட்டுக்குப் போனாள். எல்லாரும் சத்தம் கேட்டு எழுந்து நின்றிருந்தார்கள், விருந்துக்கு வந்த இடத்தில் சண்டை வந்துவிட்டதே என்கிற முகத்தோடு. அவள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“மாமி, அஞ்சு சட்டியிலயும் மிச்சம் கெடக்குல்லா? எனக்கும் வைங்க.”

மகபூப் பீவி உள்ளே போனாள். ஒரு தட்டில் ஐந்து இடமாக, ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு வைத்துக் கொண்டுவந்தாள். எது எந்தச் சட்டி என்று விளிம்பில் எண் எழுதின காகிதத்தையும் ஒட்டியிருந்தாள். காலையிலிருந்து எப்சிபா செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

எப்சிபா முதல் துண்டை எடுத்து வாயில் வைத்தாள். பன்னிரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். 283, அதாவது ஜெர்சி கலப்பு. மெல்ல மெல்லச் சக்கைதான் வந்தது, ஒரு பால் வாடை தவிர வேறொன்றும் தெரியவில்லை. அடுத்தது காங்கேயம். அது நாக்கில் பட்டதும் வேறு. கனமாக, கொஞ்சம் இனிப்பாக. புலிக்குளம் அதைவிட அழுத்தம். உம்பளச்சேரியில் ஏதோ லேசான உவர்ப்பு, உப்பு அவள் கையால் ஒரே அளவு நிறுத்துப் போட்டதுதானே! பாழாய்ப்போன மூன்று வருஷமும் கருவியை நம்பிக் கிடந்தோமே, வாயில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்குமே என்று எரிச்சலும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. கடைசியாக 417. மலைமாடு. அவளுடைய செல்லம். எதற்காகப் பேராசிரியரோடு மல்லுக்கு நின்றாளோ அந்தத் தழை வாசம்.

மென்றாள். வாசம் வாயிலிருந்து மூக்குக்கு ஏறியது. ஏறி அங்கேயே நின்றது. கசந்தது. விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு துண்டைத் தின்று, இரண்டாவதைக் கையில் எடுத்து, தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

மகபூப் பீவி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது துண்டு போயிருந்தது. ஒன்று மிச்சம்.

“எனக்கும் அது ஆகாதுட்டி” என்றாள் மெல்ல.

டீக்கடையிலிருந்து திரும்பி வாசலில் நின்றிருந்த ஜப்பாருக்கு அது கேட்டுவிட்டது. எந்தச் சட்டி என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கல்யாணமான நாளிலிருந்து, மலைமாடு கிடைக்கிற அன்றைக்கெல்லாம் நல்ல இடமாகப் பார்த்து அறுத்து, பொண்டாட்டிக்கு என்று தனியாகப் பொதிந்து வீட்டுக்கு அனுப்பியவர் அவர். எப்படி இருந்தது என்று சாயங்காலம் கேட்பார். ரொம்ப நல்லா இருந்துச்சு என்பாள்.

“முப்பது வருசமாவா?” என்றார் ஜப்பார்.

மகபூப் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நடுவீடு முழுக்கச் சிரித்தது. கதீஜம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரமாயிற்று. அடங்கினதும் கையை நீட்டி, என் தாளை இங்கே கொண்டா, எந்த நம்பர் எந்த மாடு என்றும் சொல்லு என்றாள். ஒன்பதையெல்லாம் அடித்தாள். ஜெர்சிக்கு மூன்று. இதைப் போய்க் கறின்னு எவன் சொன்னான், தண்ணிப் பாலில் அவித்தது மாதிரி இருக்கிறது என்றாள். மலைமாட்டுக்கு ஒன்பதே இருக்கட்டும், இந்த வாசத்துக்கு இணை கிடையாது, இவளுகளுக்கு என்ன தெரியும் என்று தம்பி பக்கம் கட்சி சேர்ந்தாள். பக்கத்திலிருந்த பெண் இல்லவே இல்லை, அது நாலுக்கு மேல் போகாது என்று சண்டைக்கு வந்தாள். புலிக்குளத்துக்கு எட்டு என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். பென்சில்காரர் அழிரப்பர் கேட்டார். ஒரு தாளில் கவிச்சி அடிக்கிறது என்று டிக் விழுந்தது, அப்புறம் இன்னொன்றில், அப்புறம் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு சட்டிக்கு. யாரும் அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தவில்லை.

எப்சிபா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதும்போதே அவளுக்குத் தெரியும், இதில் ஒரு எழுத்துகூடச் செல்லாது. ஆராய்ச்சி செய்கிறவள் கூட உட்கார்ந்து சாப்பிட்டாயிற்று, அவள் எதை மிச்சம் வைத்தாள் என்று எல்லாரும் பார்த்தாயிற்று, மார்க்கைச் சந்தையில் ஏலம் போடுகிற மாதிரிக் கூவியாயிற்று. எந்தப் புத்தகமும் இதை ஒத்துக்கொள்ளாது. செல்லுகிற மார்க் பொய், உண்மையான மார்க் செல்லாது. அட கர்த்தரே, ஒரு மணி நேரம் முன்னால் இந்த வாயைத் திறந்திருக்கக்கூடாதா, இல்லை அந்த முகக்கவசத்தையாவது கழற்றியிருக்கக்கூடாதா என்று பேனாவை அழுத்தினதில் தாள் கிழிந்தது.

பின்கட்டுக்குப் போய்ப் பேராசிரியருக்கு மெசேஜ் அனுப்பினாள். நான் நடத்தின முறை தப்பு சார், அந்த ஒன்பதுகள் எல்லாம் மரியாதைக்குப் போட்டவை, மார்க் செல்லாது, அனுப்பவில்லை என்று. இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. சரி, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. எட்டு மாத அலைச்சல், ஐந்து காளை, திரும்பக் கிடைக்காத அந்த மலைமாடு, எல்லாம் ஒரு வரியில் போயிற்று. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது நடுவீட்டில் அட்டை மறைப்புகளை எல்லாம் விரித்து அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பைக்குள்ளிருந்த இஞ்சி பூண்டு விழுது எப்படியோ போகவேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. சட்டியில் மிஞ்சியிருந்த ஐந்து கறியும் ஒன்றாய்க் கலந்து, வீடு முழுக்க மணத்தது. ஜப்பார் மட்டும் வாசலில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள் மகபூப் பீவி. ஆள் சமாதானமாகவில்லை, ஆனால் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

திருநெல்வேலி பஸ்ஸுக்கு நேரமாயிற்று. எப்சிபா தராசையும் தெர்மாமீட்டரையும் பைக்குள் திணித்தாள். அடித்துத் திருத்தின தாள்களையும் தான் எழுதிக்கொண்டதையும் ஒரே கவரில் போட்டாள். மகபூப் பீவி அடுப்படியிலிருந்து ஒரு டிபன் டப்பாவோடு வந்தாள். பழைய எவர்சில்வர் டப்பா. மூடியில் சா. பானு என்று ஆணியால் பேர் வெட்டியிருந்தது. உள்ளே இன்னும் சூடு இருந்தது.

எப்சிபா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. இது சாஜிதாவோட டப்பால்லா மாமி, அடுத்த வாரம் வரும்போது ஏதாவது பலகாரம் போட்டுத் திருப்பித் தருகிறேன் என்றாள். அவள் வீட்டில் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை.

“பலகாரமெல்லாம் வேண்டாம் மக்கா” என்றாள் மகபூப் பீவி. “காலியா கொண்டா. அது போதும்.”